இரண்டு வருஷ ஒண்ணாப்பு

சூடு காட்டிய நல்லெண்ணெயின் வாசனை வந்தால் இன்றைக்கும் என் வலது கை தானாக நீண்டுகொள்ளப் பார்க்கும். திருச்சுழியில் எங்கள் வீட்டு முற்றத்தில், விடிந்ததும் அத்தா என்னை மடியில் உட்காரவைத்து, அந்தக் கைக்கு எண்ணெய் தடவி, தோளிலிருந்து விரல்வரை நீவி இழுத்துவிட்டு, தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். அப்போதெல்லாம் காது எட்டினால்தான் "ஒண்ணாப்பு". பிறந்த தேதி பாதி வீடுகளில் யாருக்கும் தெரியாது. காது எட்டிய பிள்ளைக்குத் தலைமையாசிரியரே மே மாதத்தில் ஒரு பிறந்தநாளைத் தானமாக எழுதிக்கொடுப்பார். அந்தக் கணக்குப்படி எங்கள் ஊரில் மற்ற மாதங்களில் பிள்ளையே பிறந்ததில்லை.

நானோ ஐப்பசியில் பிறந்தவள். பள்ளி திறந்த ஜூனில் எனக்கு ஐந்து வயது நிரம்பியிருக்கவில்லை. அடுத்த வருஷம் சேர்த்திருக்கலாம். அதற்குள் அத்தாவுக்கு சவூதி விசா வந்துவிட்டது. போனால் எப்போது லீவு கிடைக்குமோ தெரியாது. "எம்மகள யூனிபாரத்துல பாத்துட்டுத்தேன் பஸ்ஸு ஏறுவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். "பிள்ளைக்கு இன்னும் மூக்குச் சிந்தத் தெரியல, அதுக்குள்ள என்னங்க அவசரம்" என்ற அம்மாவின் பேச்சு எடுபடவில்லை.

அத்தனை எண்ணெய் குடித்தும் தலைமையாசிரியர் முன்னால் என் கை காதுக்கு எட்டவில்லை. பின்னால் நின்ற அத்தா, பாசமாகத் தடவிக் கொடுப்பதுபோல என் தலையை மெல்ல வலப்பக்கம் சாய்த்தார். விரல் காதில் பட்டது. ஊதாப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி முழுக்கக் காட்டிவிட்டு, அந்த வாரமே அவர் கிளம்பிப் போனார்.

நான் வகுப்பில் மாட்டிக்கொண்டேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னைவிட ஒரு தலை உயரம். சிலேட்டுக்குச்சி என் விரலில் நிற்காது. "அ" எழுதச் சொன்னால் அதன் சுழியை முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மத்தியானம் ஆனால் "பைக்கட்டை"த் தலைக்கு வைத்துத் தூங்கிப்போவேன். "மக்கு" என்று பெயர் வைத்தார்கள். முதலில் அழுதேன், பிறகு பழகிவிட்டது. ஒருநாள் தெருவில் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பாத நான், எதிர்வீட்டுப் பையன் "ஏ மக்கு" என்றதும் திரும்பிவிட்டேன். அம்மா அங்கேயே அழுதாள்.

வருஷக் கடைசியில் டீச்சர் அம்மாவை வரச்சொன்னார். "உள்ளதச் சொல்லுங்க, இவ எந்த மாசம் பொறந்தா?"

"ஐப்பசிங்க டீச்சர்."

"அதான பாத்தேன். கூட இருக்கதுக முக்காவாசி இவளவிட ஒரு வயசு மூப்பு. புத்தி நல்லாத்தேன் இருக்கு, விரலும் ஒடம்பும் இன்னும் வளரணும். ரெண்டாப்புக்கு அனுப்பாதீங்க, இன்னொரு வருசம் இங்கனயே இருக்கட்டும்."

தெரு "பெயிலு" என்று பேசும். அதைவிட, அவ்வளவு ஆசையாகச் சேர்த்துவிட்டுப் போன மனுஷனிடம் எப்படிச் சொல்வது? "அவுக அங்க வெயில்ல கெடக்காக, இத வேற சொல்லணுமா" என்று அம்மா புலம்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில் போனை என் காதில் வைத்துவிட்டாள். நான்தான் சொன்னேன். அத்தா, "நாந்தேன் அவசரப்பட்டுட்டேன் தாயி. நீ பைய படி" என்றார்.

இரண்டாவது ஒண்ணாப்பில் அதே சிலேட்டு, அதே மண்டை. ஆனால் குச்சி சொன்னபடி கேட்டது, தூக்கம் வரவில்லை, தீபாவளிக்குள் நான்தான் "பஸ்ட் ரேங்க்". மக்கு என்ற தெருவே கெட்டிக்காரி என்றது. வானத்திலிருந்து புத்தி எதுவும் விழவில்லை. சில மாதங்கள் கழிந்திருந்தன, அவ்வளவுதான்.

நான் கழற்றிப் போட்ட பெயரை என் பக்கத்தில் உட்கார்ந்த முத்துச்செல்வி எடுத்துக்கொண்டாள். புரட்டாசியில் பிறந்தவள், கிட்டத்தட்ட ஒரு வருஷம் எனக்கு இளையவள். நெடுநெடுவென்று இருந்ததால் காது சுலபமாக எட்டியது. ஆளைப் பார்த்து யாரும் மாதத்தைக் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய டீச்சரும் காரியாபட்டிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். முத்துச்செல்வி மத்தியானம் தூங்கினாள், அடி வாங்கினாள், ஐந்தாம் வகுப்போடு நின்று அருப்புக்கோட்டையில் மில் வேலைக்குப் போனாள்.

காது தொடும் வழக்கமெல்லாம் இப்போது போய்விட்டது. சர்டிபிகேட்டில் இருக்கிற தேதி அப்படியே கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. ஆனாலும் ஐந்து வயது நிரம்பியாக வேண்டிய ஜூலை முப்பத்தொன்றின் விளிம்பில் பிறந்த பிள்ளையும் அதைவிட ஒரு வயது மூத்த பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். போன ஜூனில் அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில் முத்துச்செல்வியைப் பார்த்தேன். மடியில் கடைசி மகன், புது யூனிபாரத்தில். "இவனும் என்னய மாதிரித்தேன். டீச்சரு இப்பவே சொல்லிட்டாக, ஒண்ணும் ஏறலையாம்" என்று சிரித்தாள்.

எந்த மாதம் என்று கேட்டேன். ஆடி பிறந்த மறுநாள், ஜூலை பதினெட்டு என்றாள். வகுப்பிலேயே அவன்தான் சின்னவனாக இருப்பான், ஒரு வருஷம் பொறுத்துப் பார் என்று என் கதையைச் சொன்னேன். பிறகு அவள் கதையையும் சொன்னேன். பாளையம்பட்டி தாண்டியதும் மகனின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்ப நான் மக்கு இல்லையாடி?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். இறங்குவதற்குள் இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டாள். இரண்டு தடவையும் சொன்னேன்.