கண்டக்டர் வீட்டு நாய்க்குப் பாதி விலை

தெருவில் எல்லோருக்கும் அவள் நாய்க்கார அக்கா. வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயை அவள் வீட்டுப் பின்னறையில் விட்டுவிட்டுப் போவார்கள். தீனி விலை ஏறியதால் இந்த மாதம் வாடகையை எல்லோருக்கும் ஒரேயடியாக உயர்த்தியிருந்தாள். முகம் பார்த்து விலை சொன்னால் தொழில் உருப்படாது என்பது அவள் கட்சி.

புது விலையைக் கேட்டதும், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் தன் கிழட்டு நாயின் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்போ பேத்தியைப் பார்க்க இன்னொரு தடவை போயிக்கிறேம்மா."

"உங்களுக்குக் குறைச்சுக்கிறேன் சார்."

"தர்மம் வேணாம். நான் யாரையும் ஓசியில ஏத்தினதில்ல."

பிறந்தபோதும் அவரால் போய்ப் பார்க்க முடியாமல் போன பேத்தி அது என்று அவளுக்குத் தெரியும்.

இதற்குள் நாய் தானாகவே பின்னறைக்குப் போய்விட்டது. காலையிலிருந்து கதவைப் பிறாண்டி ஊளையிட்டுக்கொண்டிருந்த புதுக் குட்டியின் பக்கத்தில் பொத்தென்று படுத்தது. குட்டி கொஞ்சம் முனகிப் பார்த்துவிட்டு அதன் வயிற்றில் தலைசாய்த்தது. மற்ற நாய்களும் அடங்கின.

பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டினார். "என்னம்மா, சத்தத்தையே காணோம்? எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டியா?"

அவள் கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா சார்? விலை எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா உங்க ஆள் இங்க வேலை பார்க்குறான். அவன் சம்பளத்தைக் கழிச்சா பாதிதான் வருது."

அவர் பின்னறையை எட்டிப் பார்த்தார். "ஓவர்டைம் உண்டா?"

"இப்படியே பேசுனா முழு டிக்கெட் போட்டுருவேன்."

பையை இறக்கிவைத்துவிட்டு, பாதி வாடகையைச் சில்லறை பிசகாமல் எண்ணிக் கொடுத்தார்.