கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்

திண்டிவனம் கிளை நூலகத்தில் நான் நூலகராகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி. வீடு விழுப்புரத்தில், தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையின் மண்டியில் மூட்டை தூக்கும் ஏழுமலை ஒரு வெள்ளிக்கிழமை வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாங்களாம்மா? ரெண்டு புக்கு வேணும். ஒண்ணு எம் பொண்ணு செல்விக்கு, அஞ்சு வயசு. இன்னொண்ணு எம் பொஞ்சாதி அஞ்சலாட்சிக்கு. டி.பி. ஆஸ்பத்திரில சேத்து ரெண்டு மாசம் ஆவுது. எந்நேரமும் படிச்சிக்கினே இருப்பா. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்களே பாத்துக் குடுங்க."

குழந்தைக்கு, சந்தைக்குப் போகும் ஆட்டுக்குட்டியின் படக்கதை. படங்களைக் காட்டி அவருக்குக் கதையை ஒருமுறை சொன்னேன். மனைவிக்கு ஒரு குடும்ப நாவல். உறுப்பினராக ஜாமீன் கையெழுத்து வேண்டும். அவருக்குப் போட ஆளில்லை. என் கார்டிலேயே இஷ்யூ போட்டேன்.

அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்தார். "ஆட்டுக்குட்டி நம்ம மண்டிக்கு வந்து மல்லாட்டை மூட்டைய ஓட்டை போட்டுச்சுன்னு சொல்லிட்டேங்க. தினிக்கும் அதையே சொல்லுங்குது."

நாவலுக்குள் பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. 'மாமியாரை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டார். அடுத்தது தடிமனாகக் கொடுங்கள்.'

அதன்பின் வாராவாரம் புத்தகம் போகும், சீட்டு வரும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். படித்ததைப் பற்றி எனக்கு எழுதியவர் அஞ்சலாட்சி ஒருவர்தான். வெள்ளிக்கிழமை வந்தால் காலையிலிருந்தே என் கண் வாசலில் இருக்கும்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆய்வாளருக்கு இது தெரிந்துவிட்டது.

"டி.பி. வார்டுக்குப் போன புக்க மறுபடி ஷெல்ஃப்ல வெக்கிறீங்களாம்மா? எவனாச்சும் பெட்டிஷன் போட்டா யாருக்குப் பேஜாரு? இன்னியோட நிறுத்திடுங்க."

"கழிவுக் கட்டுலேருந்து குடுக்கலாங்களா சார்? அதைத் திருப்பி வாங்க மாட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "என்னமோ பண்ணுங்க" என்றார்.

கிழிந்ததென்று ஒதுக்கிய அந்தக் கட்டுக்குள் இருந்ததிலேயே நல்ல நாவலை எடுத்து அனுப்பினேன். கடைசிப் பத்துப் பக்கம் இல்லாததைக் கவனிக்கவில்லை. சீட்டு வந்தது: 'முடிவைக் காணோம். அவள் ஊர் திரும்பினாளா?'

நான் அதைப் படித்திருந்தேன். நோயில் விழுந்த அந்தப் பெண் ஊர் திரும்பாமலே இறந்துபோவாள். எழுதக் கை வரவில்லை. 'திரும்பினாள். மகளோடு சுகமாக இருந்தாள்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பதில் பெரிய தாளில் வந்தது. 'முந்நூறு பக்கம் இப்படி எழுதியவர் அப்படி முடித்திருக்க மாட்டார். நான் நோயாளி என்று மாற்றிவிட்டீர்கள். வார்டில் எல்லாரும் என்னிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். நீங்களாவது என்னைப் படிக்கிறவளாக நினையுங்கள்.'

மறுவாரம், நினைவில் இருந்தபடி உண்மையான முடிவை ஆறு பக்கம் எழுதி ஏழுமலையிடம் கொடுத்தேன்.

"இன்னா லெட்டருங்கம்மா?"

"கதையோட முடிவுங்க."

"நல்ல முடிவுதானுங்களே?"

"நல்லா எழுதின முடிவுங்க" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழுமலை வரும்வரை வாசலிலேயே நின்றேன். சீட்டு வந்தது: 'ரொம்ப நேரம் அழுதேன். நல்ல நாவல். செல்விக்கு மட்டும் எல்லாரும் உயிரோடு இருக்கிற கதையாகக் கொடுங்கள்.'

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குழந்தைக்குக் கதையை எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லுங்கள். வளர்ந்தவர் கேட்டால் அவர் கஷ்டத்தைப் பார்த்துப் புத்தகத்தை மாற்றாதீர்கள். அவர் படிக்கிற விதத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

கொஞ்ச நாளில் எனக்கு விழுப்புரத்துக்கே மாற்றல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருமுறை அஞ்சலாட்சியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாளைக் கடத்திவிட்டேன். சில மாதம் கழித்து, திண்டிவனம் நூலக உதவியாளர் மாத ஸ்டேட்மென்ட் கொடுக்க விழுப்புரம் வந்தார்.

"மேடம், ஒல்லியா ஒரு அம்மா சின்னப் பொண்ண கூட்டிக்கினு வந்து உங்களக் கேட்டாங்க. மாத்தலாயிட்டாங்கன்னேன். ஒரு மணி நேரம் உக்காந்து படிச்சிட்டுப் போனாங்க."

மறுநாளே பஸ் பிடித்துத் திண்டிவனம் மண்டிக்கு ஓடினேன். சீசன் முடிந்து ஏழுமலை குடும்பத்தோடு பனமலைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் என் பழைய நூலகத்துக்குப் போய் உதவியாளரிடம் கேட்டேன்: "அன்னிக்கு அவங்க என்ன புக்கு எடுத்துப் படிச்சாங்க?"

"கவனிக்கலிங்களே மேடம்" என்றார்.