உப்புப் பார்க்காமல் வைத்த ஆட்டுக்கால் சூப்பு

என் வீட்டுக்காரர் சுத்த சைவம். பிறவியில் அல்ல. ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் படிப்புப் படிக்கும்போது யாரோ ஒரு பெரியவர் வந்து அகிம்சையைப் பற்றி வெகுநேரம் பேசினாராம். அதைக் கேட்டுவிட்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்த அன்று தன் அம்மா ஆசையாக வைத்த கோழிக் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டார். கூடப் படித்தவர்களும் அதே பேச்சைக் கேட்டுத்தான் விரதம் எடுத்தார்கள். தீபாவளி வந்ததும் அவர்கள் எல்லாரும் கலைந்துபோனார்கள். இவர் மட்டும் நின்றுவிட்டார்.

கல்யாணமான புதிதில் இவருக்குக் கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் (மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்பார்கள்) ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை போட்டார்கள். பஸ் மலை ஏறாத காலம் அது. சேந்தமங்கலத்தில் இறங்கி, அடிவாரம் போய், காட்டுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். உப்பும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாக மேலே வரும். மிளகு தலைச்சுமையாகக் கீழே போகும். நான் கறி தின்று வளர்ந்தவள். அம்மா வீட்டுக்குப் போகும்போது தின்றுகொள்வேன். இவர் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

எங்களுக்கு முதல் குழந்தை மலையிலேயே பிறந்தது. பிரசவத்துக்குச் சேந்தமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுவதாக ஏற்பாடு. அடைமழை பிடித்துக்கொண்டது. பாதை வழுக்குமே, நாளைக்குப் போகலாம், நாளன்றைக்குப் போகலாம் என்று தள்ளிப் போட்டதில் வலி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காதான் பிரசவம் பார்த்தார். பெண் குழந்தை, நல்ல குரல். எனக்குத்தான் காய்ச்சல் வந்து, எழுந்தால் தலை சுற்றியது.

செய்தி கேட்டு அம்மா மலை ஏறக் கிளம்பினார். முதல் ஏற்றத்திலேயே வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப வீட்டில் விட்டார்கள். தான் வர முடியாத கோபத்தில் அம்மா ஆட்டுக்கால்களை அனுப்பி வைத்தார். மலைக்குச் சுமை தூக்கி வரும் அண்ணன் ஒருவர் அவற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க மாமியா சொல்லி உட்டாங்க. நெருப்புல வாட்டி, மசுரு போகச் சொரண்டி, மஞ்சப் போட்டுக் கழுவோணுமாம். எலும்ப ஒடைச்சுப் போட்டு, காலைல அடுப்புல ஏத்துனா, பொழுது எறங்கறப்பத்தான் எறக்கோணுமாம். தீ எரியப்படாது, மொணமொணன்னு கெடக்கோணுமாம்."

"ஆரு வெக்கோணுமாம்?" என்று கேட்டார் இவர்.

"அதைச் சொல்லலீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அண்ணன் போய்விட்டார்.

இவர் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டார். "நான் களையெடுக்கப் போவோணும் சாமி. அடுப்பப் பாத்துக்கிட்டு ஊட்டுல கெடக்க முடியுங்களா? நீங்கதான பகலெல்லாம் ஊட்டுல இருக்கறீங்க?"

அது உண்மைதான். மழையில் பள்ளிக்கூடத்துக் கூரை சரிந்துவிட்டதால், பிள்ளைகளை எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார வைத்துத்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தப்பிக்க வழியில்லை. துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மயிர் கருகும் நாற்றம் வந்தது. கத்தியால் சுரண்டும் சத்தம் வந்தது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, ஆட்டுக்காலிடம், "மன்னிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு போடு போட்டார். எலும்பு தெறித்துத் தாழ்வாரத்தில் போய் விழுந்தது. ஒரு பிள்ளை அதை எடுத்துக்கொண்டு வந்து மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போனது.

மண்சட்டியில் எலும்பைப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, சீரகம், மல்லி எல்லாம் தட்டிப் போட்டார். மிளகுக்குக் கேட்க வேண்டுமா, மலையே மிளகுதான். பிள்ளைகள் தாழ்வாரத்தில் வாய்ப்பாடு சொல்ல, இவர் உள்ளேயும் வெளியேயுமாக நடந்தார். மதியத்துக்கு மேல் வாசனை கிளம்பியது. எட்டாம் வாய்ப்பாடு நடுவில் நின்று நின்று வந்தது. எச்சில் விழுங்கிக்கொண்டு எப்படிச் சொல்லுவது?

சாயங்காலம் ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினார். காய்ச்சலில் என் நாக்கு செத்துக் கிடந்தது. "உப்பே இல்லீங்க" என்றேன். போட்டுக் கொண்டுவந்தார். "இன்னும் பத்தலீங்க." திரும்பவும் போட்டார். களையெடுத்துவிட்டு வந்த அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"என்னுங்க வாத்தியாரே இது! இதைக் குடிச்சா ஒரு கொடம் தண்ணி குடிக்கோணும். நீங்க வாயில வெச்சுப் பாக்கலீங்களா?"

"நான் சைவமுங்க" என்றார் இவர், பரிதாபமாக.

அதிலிருந்து உப்புப் பார்க்க ஆள் தேட ஆரம்பித்தார். அடுத்த முறை அம்மா அனுப்பிய கால்களை வேகவைத்து, வழியில் போன ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் உப்புப் பாத்துச் சொல்லுங்க" என்றார். பெரியவர் ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு யோசித்தார்.

"ஒரு வாய்ல தெரிய மாட்டீங்குதுங்க."

இன்னொரு டம்ளர் கொடுத்தார். "உப்பு சரியா இருக்குது. ஒறப்புத்தான் எப்பிடின்னு பாக்கோணும்" என்றார் பெரியவர். அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். சுமை தூக்கும் அண்ணனும் வந்தார். எல்லாருக்கும் சந்தேகம். எல்லாரும் தீர விசாரித்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். என் முறை வந்தபோது சட்டியில் எலும்பும் இவருடைய நல்ல மனசும்தான் மிச்சம்.

என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு அக்கா ஒரு சட்டம் போட்டார். முதல் வடிப்பு பிள்ளை பெற்றவளுக்கு. உப்பை அக்கா ஒருவர்தான் பார்ப்பார், அதுவும் அரைக் கரண்டி. பிறகு அதே எலும்பில் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுவது மற்றவர்களுக்கு. சட்டம் நின்றது. நானும் தேறினேன். சோற்றைக் கண்டாலே குமட்டிக்கொண்டிருந்த வயிறு அந்தச் சூட்டையும் காரத்தையும் மட்டும் ஏற்றுக்கொண்டது. ஆறினால் கட்டியாக உறைந்துபோகும் அந்தச் சாறு உள்ளே போனதும் இடுப்புக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருக்கும். பாலும் ஊறியது. பல வருஷம் கழித்து ஒரு டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். "எதுவும் எறங்காத ஒடம்புக்குச் சூடா, உப்போட, சத்தா ஏதாச்சும் போனா நல்லதுதாங்க. மத்தபடி அதுல மாயமில்ல" என்றார். இருக்கலாம். அந்தப் பெரியவரோ தன் முழங்கால் வலி அதில்தான் போனது என்று ஊரெல்லாம் சொன்னார்.

ஊர் நம்பிவிட்டது. திண்ணனூர் நாட்டிலிருந்துகூட ஆள் வந்தது. கோயிலில் கிடா வெட்டினால் கால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். "வாத்தியாரு வெச்சாத்தானுங்க கைப்பக்குவம்" என்று கொடுத்துவிட்டு, சாயங்காலம் செம்போடு வருவார்கள். மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று அக்கா அந்தக் கால்களைத் தாழ்வாரத்து விட்டத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். அதன் கீழே கதர்ச் சட்டையோடு உட்கார்ந்து இவர் பாடம் நடத்தினார்.

அந்த நிலையில்தான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். சொல்லாமல் வந்தார். மழையில் நனைந்து, மூச்சு வாங்க, முழங்காலைப் பிடித்தபடி தாழ்வாரத்தில் ஏறியவர் முதலில் மேலே பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். இவர் மூக்கில் கட்டிய துண்டோடும் கையில் கரண்டியோடும் எழுந்து நின்றார்.

"என்னய்யா இது, பள்ளிக்கூடமா கசாப்புக் கடையா?"

இவருக்குப் பொய் வராது. "சம்சாரம் புள்ள பெத்திருக்காங்க சார். அவங்களுக்கு ஆட்டுக்கால் சூப்பு. நான் சைவமுங்க சார்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "அது காரமா இருக்குமா?" என்று கேட்டார். அக்கா உள்ளேயிருந்து ஒரு டம்ளர் நீட்டினார். குடித்தார். இன்னொன்று குடித்தார். முகத்தில் களை வந்தது. அதற்கப்புறம், தான் அதிகாரி என்பது ஞாபகம் வந்ததுபோல, முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணை எழுப்பினார்.

"சொல்லு கண்ணு, ஆட்டுக்கு எத்தனை காலு?"

அந்தப் பெண் விட்டத்தை அண்ணாந்து பார்த்தது. விரல் விட்டு எண்ணியது. "எங்க வாத்தியாரு ஊட்டு ஆட்டுக்கு நெறையங்க" என்றது.

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் சூப்பு புரையேறிவிட்டது. இவர் ஓடிப்போய் அவர் தலையைத் தட்டினார். மேலதிகாரியின் தலையைத் தட்டிய ஆசிரியர் அந்த ஜில்லாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். இரண்டு வாரத்தில் கூரைக்கு உத்தரவு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று சாயங்காலம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவரைக் கேட்டேன். "ஏனுங்க, இத்தனை நாளா மூக்கக் கட்டிக்கிட்டு எனக்காகக் கஷ்டப்படறீங்களே. அத்தனை அருவருப்பா இருக்குதுங்களா?"

அடுப்பைப் பார்த்தபடியே, "அருவருப்பா? அதெல்லாம் மொத நாளோட போச்சு புள்ள. வாசம் ஆளத் தூக்குது. கட்டலீன்னா நான் குடிச்சுப்போடுவேன்" என்றார்.

ஒரு டம்ளர் குடியுங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டேன். சிரிப்பு வந்தது. கூடவே, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்தும் போனது.

மழை விட்டதும் அம்மா மெதுவாக ஏறி வந்து சேர்ந்தார். சமையலறையை அம்மா எடுத்துக்கொண்டார். புதுக் கூரையின் கீழே பள்ளிக்கூடமும் திரும்பப் போனது. அம்மாவின் சூப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செம்போடு வந்தவர்கள் வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"வாத்தியாரு இல்லீங்களா?"

"நான் வெச்சதுதான் இருக்குது. தரட்டுங்களா?" என்றார் அம்மா.

"இல்லீங்க, வாத்தியாரு வெக்கறன்னைக்கு வாரோம்" என்று சொல்லிவிட்டுச் செம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். அம்மா அன்று ராத்திரி மருமகனுக்குக் கீரை கடைந்து போடும்போது கொஞ்சம் பலமாகவே கடைந்தார்.