கேதம் சொல்லாத வீடு

அப்பாவிடம் ஒரு விஷயத்தை மறைத்ததற்காக நான் வருத்தப்படுகிறேனா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. அவர் நன்மைக்காகத்தான் மறைத்தேன். ஆனால் அவர் நன்மை என்னவென்று முடிவு செய்ய நான் யார் என்பதும் ஒரு கேள்விதான்.

நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே இருந்தது. லயம் என்கிற வரிசை வீடுகளின் ஒற்றை அறைக் காம்பராக்களில் அப்போது கரண்ட் கிடையாது. குவைத்தில் நாலு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு சின்ன டெலிவிஷன் கொண்டுவந்திருந்தாள். கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கிவிட்டால் அவள் புருஷன் அதைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் பண்டாரவளைக்குக் கொண்டுபோய், ஒரு முஸ்லிம் நானா கடையில் சார்ஜ் போட்டு வருவார். அதனால் கண்டதையும் பார்க்க முடியாது. கொஞ்சம் செய்தி, அப்புறம் சனிக்கிழமை சாயந்தரம் அந்தச் சிரிப்பு நடிகர். அவ்வளவுதான்.

அவர் சிங்களத்தில் பேசுபவர். பேச்சு எங்களுக்குப் பாதிதான் புரியும், மீதி தேவைப்படவில்லை. தொளதொள கால்சட்டையோடு ஒரு ஆபீசுக்குள் நுழைவார். பெரியவருக்குச் சலாம் போடப் போய்க் கதவில் முட்டிக்கொள்வார். முட்டிய கதவுக்கும் ஒரு சலாம் போடுவார். அப்பா தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். என் அப்பா சரியான முசுடு. அம்மா போன பிறகு அவர் பல்லை நான் பார்த்தது அந்தக் காம்பராவில் மட்டும்தான். தமிழர்களை அடித்து விரட்டிய கலவரத்துக்குப் பிறகு டவுனுக்குப் போவதையே விட்டிருந்தார். ரோட்டில் யாராவது சிங்களத்தில் கூப்பிட்டால் திரும்பமாட்டார். ஆனால் சனிக்கிழமை நாலு மணிக்கே முகம் கழுவி வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டாரா வருகிறார்கள் என்று நான் கேலி செய்வேன்.

அந்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வேலைக்குப் போக முடியவில்லை. மனதுக்கு அதிர்ச்சி எதுவும் வரக்கூடாது என்று தோட்டத்து டாக்டரய்யா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவின் புருஷன் பேட்டரியோடு இந்தச் செய்தியையும் சுமந்துவந்தார். நடிகர் அன்று காலையில் இறந்துவிட்டாராம், கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த நானா சொன்னாராம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தோம். அவர் சிரித்தால்தான் சளி கலைகிறது என்பது அக்காவின் வைத்தியம். சனிக்கிழமை நடிகரைக் காணோமே என்று அப்பா கேட்டால், இந்தியாவுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டையோடு கிளம்பினார். அக்காவின் காம்பராவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். பெண்கள் உள்ளே சுவரோரமாகத் தரையில், ஆண்கள் வெளியே வாசலில். துக்கம் கேட்க வந்திருந்தார்கள். செத்தவரின் வீடு கொழும்பில் எங்கேயோ இருக்கிறது. அவர் வாராவாரம் வந்துபோன வாசல் இதுதானே என்று இங்கே வந்துவிட்டார்கள். அப்பாவின் காதில் மட்டும் போடக்கூடாது என்று அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

டெலிவிஷனைப் போட்டால், அவர் வந்தார். அதே கால்சட்டை, அதே கதவு, அதே சலாம். நானா பொய் சொல்லிவிட்டாரா, ரேடியோ பொய் சொல்லிவிட்டதா, எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சினிமாவில் செத்தவர்கள் வருவார்கள், தெரியும். ஆனால் டெலிவிஷனில் வருகிறவர் அந்த நேரத்தில் கொழும்பில் உயிரோடு நிற்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். அப்பா ஒருவர்தான் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்கப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். சிரிப்பின் நடுவில் அப்பா திரும்பி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மருந்தை வேண்டாம் என்றார். தன் கம்பளிச் சட்டையை மடித்து அக்காவின் புருஷனுக்குக் கொடுத்தனுப்பினார். அப்போதும் இந்த மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

"பூனாகலைக்கு ஒரு கடுதாசி எழுது தாயி. மொகம் பாக்கணும்னா என் தம்பிய இப்பவே வந்துரச் சொல்லு."

எதற்கு என்று கேட்டேன்.

"நேத்து எல்லாரும் என்னையப் பாத்துத்தான அழுதீங்க? டாக்டரய்யா சொல்லிட்டாருல்ல?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அவருக்கு ஒன்றுமில்லை என்றும், செத்தது அந்த நடிகர் என்றும், நேற்று வந்தது முன்னாலேயே பிடித்துவைத்த படமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் கொட்டித் தீர்த்தேன். அப்பா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். பிறகு பசிக்கிறது என்றார். ரொட்டியும் சம்பலும் வைத்தேன். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத மனிதர் இரண்டு ரொட்டி தின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது ரொட்டியைப் பிய்த்தவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார்.

"அஞ்சு நாளா எனக்குக் கேதம் சொல்லாம வச்சிருந்திருக்க. செத்த மனுசன் மொகத்தப் பாத்து என்னையச் சிரிக்க விட்டுட்டியே."

சாவுச் செய்தியைக் கேதம் என்போம். எங்கள் ஆட்களுக்குள் கேதம் சொல்லாமல் விடுவது உறவை அறுத்துவிடுவதற்குச் சமம். ஒரு கேதம் விட்டுப்போனதற்காகப் பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பிகள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். அந்தக் குற்றத்தை என்னைப் பெற்ற அப்பாவுக்கே செய்திருந்தேன். அவர் எழுந்துபோய் வாசலில் குந்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாதே. நான் சத்தம் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. வெந்நீர் வைத்து ஊற்றினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினார்.

"நான் செத்தா அந்தாளு வீட்டுக்கும் சொல்லிவிடணும்."

"நம்மள யாருன்னே அவுங்களுக்குத் தெரியாதேப்பா."

"சொன்னாத்தான தெரியும்?"

அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். பூனாகலைக்கும் மற்றத் தோட்டங்களுக்கும் ஆண்கள் கேதம் சொல்லப் போனார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் நான் அப்புத்தளைத் தபால் கந்தோருக்குப் போய் ஒரு போஸ்ட் கார்ட் வாங்கினேன். எங்கள் அப்பா முந்தாநாள் காலமானார், அவர் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து நிறையச் சிரித்தார் என்று எழுதினேன். தமிழில்தான் எழுதினேன், எனக்கு அதுதான் எழுத வரும். அந்தக் குடும்பத்தில் யாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ. அன்றைக்கு அந்தக் காம்பராவில் நான் அழுதது நடிகருக்காகவா, பக்கத்தில் இருமிக்கொண்டே சிரித்த அப்பாவுக்காகவா என்பதும் எனக்குத் தெரியவில்லை, அதனால் அதை எழுதவில்லை.

விலாசம் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவர் மனைவி பெயர் தெரியாது. மனைவி உண்டா என்றே தெரியாது. கடைசியில் செத்துப்போன அவர் பெயரையே எழுதி, டெலிவிஷன் நிலையம், கொழும்பு என்று போட்டுப் பெட்டியில் சேர்த்தேன்.

பதில் வரவில்லை. கார்ட் திரும்பியும் வரவில்லை.