மரியஅந்தோணி எடுத்த வெள்ளிவிழாப் படம்

அட்டுவம்பட்டியில் மரியஅந்தோணிக்குக் காமிராக்காரர் என்ற பெயர் வந்தது ஒரு வெள்ளைக்கார வாத்தியாரால். கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் கரண்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் மரியஅந்தோணி. அந்த வாத்தியார் தன் தேசத்துக்குத் திரும்பும்போது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு காமிராவைக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற காமிராக்களில் முப்பத்தாறு படம் விழும் பிலிம் சுருளில் இதில் எழுபத்திரண்டு விழும். ஒரு படத்துக்கான இடத்தை இரண்டாக்கிப் பாதியில் ஒன்று, மீதிப் பாதியில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும்.

இடம் பாதியானால் படத்தில் என்ன குறையும் என்று மரியஅந்தோணி யோசித்ததே இல்லை. கார்டு அளவில் பிரிண்ட் போட்டு வாங்கிய படங்கள் பளிச்சென்றுதான் இருந்தன. ஞானஸ்நானம், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் ஆட்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடாத வீட்டின்மேல் அவருக்கு உள்ளூர ஒரு கோபம்கூட வர ஆரம்பித்திருந்தது.

எழுபத்தெட்டில் கோயிலுக்கு வெள்ளிவிழா வந்தது. கோயிலைச் சேர்ந்த பங்குமக்கள் அத்தனை பேரையும் ஒரே படமாக எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்ட வேண்டுமென்று பங்குச்சாமியார் ஆசைப்பட்டார். ஸ்டாண்டில் நிறுத்தும் பெரிய காமிரா வைத்திருந்த சேனாதிபதி என்ற ஸ்டூடியோக்காரரைப் பழனியிலிருந்து வரச்சொல்லியும் ஆகிவிட்டது. மரியஅந்தோணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. நேரே சாமியாரிடம் போய், உள்ளூரில் ஆள் இருக்கும்போது வெளியாளைக் கூப்பிடுவது தன்னை அவமதிப்பதாகும் என்று சொன்னார். சாமியார் தர்மசங்கடப்பட்டு, பழனிக்கு வேண்டாமென்று சொல்லியனுப்பினார்.

விழாவன்று கோபுரம் சிலுவைவரை விழவேண்டும் என்பதற்காக மரியஅந்தோணி பின்னாலேயே போய், ரோட்டைத் தாண்டி, எதிர் மேட்டில் ஏறி நின்றார். மூடுபனி விலகும்வரை சனம் படிக்கட்டில் அசையாமல் காத்திருந்தது. கார்டு அளவில் படம் வந்தபோது எல்லோரும் மெச்சினார்கள். முகங்கள் அரிசிமணி அளவுதான். ஆனாலும் நின்ற இடத்தை வைத்து இன்னார் இன்னார் என்று காட்டிக்கொண்டார்கள்.

பெரிதாக்க மதுரைக்குக் கொண்டுபோனார். அங்கே ஸ்டூடியோவில் பிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்தவர், இது சின்ன பிலிம், இத்தனை பெரிசு தாங்காது என்று சொன்னார். கேட்டதைப் போட்டுத் தந்தால் போதும் என்று மரியஅந்தோணி அதட்டிவிட்டு வந்தார். சட்டம் போட்டுத் தாள் சுற்றி வந்த படத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாமியார் சொன்னபடி மரியஅந்தோணியே எல்லோர் முன்னாலும் தாளைப் பிரித்தார். கோபுரம் ஏதோ தெரிந்தது. அதன் கீழே, முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில், ரவையைத் தூவினாற்போல வெறும் புள்ளிகள். கண் இல்லை, மூக்கு இல்லை. கிட்டே வந்து தங்களைத் தேடியவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். மதுரைக்காரன் கெடுத்துவிட்டான் போலிருக்கிறது என்று யாரோ அவருக்காகப் பரிந்து சொன்னார்கள். மரியஅந்தோணி ஆமாம் என்று தலையாட்டினார். மதுரைக்காரன்தான் கெடுத்தான் என்பதே ஊர் முழுக்கப் பேச்சாகி நிலைத்துவிட்டது.

மறுவருஷம் மழைக்காலத்தில், பங்களா ஒன்றில் தோட்டவேலை பார்த்த ஜெபதுரை மஞ்சள்காமாலையில் இறந்துபோனான். கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுத்துக்கொள்ளாதவன், அந்த வெள்ளிவிழாப் படத்தில் மட்டும்தான் நின்றிருந்தான். அவன் மனைவி அமலி கைப்பிள்ளையோடு மரியஅந்தோணி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மதுரைக்காரன்தான கெடுத்தான்ணே. பிலிமு ஒங்ககிட்டதான கெடக்கு? அவரு மூஞ்சிய மட்டும் தனியா, நல்லாப் போட்டுக் குடுங்க. பிள்ளைக்குக் காட்டணும்."

முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிலிமை எடுத்துக்கொண்டு பழனிக்கு பஸ் ஏறினார். போயும் போயும், தான் வரவிடாமல் தடுத்த சேனாதிபதியின் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. சேனாதிபதி பழைய பேச்சை எடுக்கவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிப்பதற்குள் மரியஅந்தோணிக்கு உயிர் போய்வந்தது.

சேனாதிபதி பிலிமை லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல அவரு மொகம் கடுகுல பாதிகூட இல்லீங்க. பிலிம்ல விழுந்ததத்தான் பெருசாக்க முடியும். விழாத கண்ணுக்கும் மூக்குக்கும் நாம எங்க போறது?"

வேண்டுமானால் பென்சிலால் கண்ணும் மீசையும் வரைந்து தருவதாகச் சொன்னார். அப்படிப் பலருக்கும் செய்து கொடுப்பதுண்டாம். அமலி நம்பிவிடுவாள் என்று மரியஅந்தோணிக்குத் தெரியும். சரி என்று சொல்ல வாயெடுத்தவர், அந்தப் பிள்ளை யாரோ ஒருவன் முகத்தைப் பார்த்து அப்பா என்று சொல்லப்போவதை நினைத்து, வேண்டாமென்றார். புள்ளி தெரியாத அளவுக்கு, கட்டைவிரல் நகம் போல ஒரு சின்னப் படம்தான் மிஞ்சியது. அதில் ஓர் ஆள் தலையைச் சற்றே சாய்த்து நின்றான், அவ்வளவுதான்.

அதை அமலி கையில் வைத்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "மதுரைக்காரன் கெடுக்கலம்மா. தாங்காதுன்னு அவன் மொதல்லயே சொன்னான். தப்பு நான் எடுத்ததுல. அன்னைக்கு ஊரு முன்னால வாயத் தொறக்கல."

அமலி அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணே. அவரு அப்பறம் ஒரு வருசம் இருந்தாருல்ல. வேற ஒண்ணு எடுத்திருக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். மறுநாள் வெள்ளனே சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சாமியார், சரி விடுங்க என்று மட்டும் சொன்னார். அடுத்த திருவிழாவுக்குச் சேனாதிபதி வந்து பங்குமக்களைப் படமெடுத்தார். அவருடைய ஸ்டாண்டைச் சுமந்துவந்து கொடுத்த மரியஅந்தோணி படத்தில் நிற்காமல் ஒதுங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் யாரையும் படமெடுக்கவில்லை. வழியில் அமலியைக் கண்டால் வேறு பாதையில் திரும்பிவிடுவார்.

எண்பத்தாறில் அமலியின் மகள் ஜோசப்பினுக்குப் புதுநன்மை. மரியஅந்தோணி பின்வரிசையில் இருந்து பூசை கண்டுவிட்டு நழுவப் பார்த்தார். குடும்பப் படத்துக்கு எல்லோரையும் நிறுத்திக்கொண்டிருந்த அமலி, அவரைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, இங்க வந்து நில்லுங்க. பிள்ளைக்கு மாமன் மொறைக்கு ஆளில்ல," என்றாள்.

அவர் தயங்கினார். அமலி இன்னொரு தரம் கூப்பிடவில்லை. ஆனால் அவருக்கென்று ஓர் இடம் விட்டுவைத்து, அவர் வரும்வரை படமெடுக்க விடாமல் நின்றாள். கடைசியில் போய், வெள்ளை உடுப்பில் நின்ற அந்தப் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்றார். பெரியவரே, தலையைத் தூக்குங்க என்று படமெடுத்த பையன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.