புது வால்வும் முதல் சர்வீஸும்: மாமாவோடு சேலம் போய்வந்த செவ்வாய்க்கிழமை

முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சேலத்து மருத்துவமனை ஒன்றில் நடக்கும் ஆராய்ச்சியை என் வாய் கெடுக்கப் பார்த்தது.

என் அக்கா வீட்டுக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வு சுருங்கிப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகக் குழாய் விட்டுப் பொருத்துகிற புதுவகை வால்வு ஒன்றை அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். மாமா கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார். போன மாதம் வைத்தார்கள். இந்தச் செவ்வாய் முதல் மாதப் பரிசோதனை. அக்காவுக்கு முட்டிவலி, அதனால் துணைக்கு நான்.

நாமக்கல்லில் காலை 6.10 பஸ். ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய், சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் வெயில். மாமா மட்டும் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவார்.

"கியர் போடறானா, மாவாட்டறானா?" என்றார் சத்தமாக. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

7.35-க்கு சேலம் புது பஸ் நிலையம். அங்கிருந்து அயோத்தியாப்பட்டணம் பக்கம் டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

ரத்தம் எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், எல்லாம் நன்றாகப் போனது. கடைசியாக நடைச் சோதனை. முப்பது மீட்டர் நீள வராந்தாவில் ஆறு நிமிடம் போய்ப் போய் வரவேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கி, 240 மீட்டர் நடந்தார். இப்போது நிற்கவேயில்லை, ஆனால் தேர் நகர்வதுபோல் நகர்ந்தார். 150 மீட்டர்.

டாக்டர் முகம் மாறியது. "எக்கோவுல வால்வு நல்லா திறக்குது. நடை ஏன் குறைஞ்சுது? இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க. திரும்பக் குழாய் விட்டுப் பார்க்கணும்."

"அப்ப வால்வு போச்சுங்களா?" என்றார் மாமா. குரல் உள்ளே போய்விட்டது. அக்காவிடம் என்ன சொல்வேன்?

"நடக்கறப்ப மூச்சு வாங்குச்சுங்களா?"

"இல்லீங்க."

"நெஞ்சு வலி?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் இவ்வளவு மெதுவா?"

"புது சாமானுங்க. முதல் சர்வீஸ் வரைக்கும் நாப்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு மாப்ளதானுங்க சொன்னான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த இதயப் படத்தைப் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று விளையாட்டாகச் சொன்னது அது. லாரிக்குப் புது இன்ஜின் இறக்கினால் அப்படித்தானே ஓட்டுவோம்? மனுஷன் ஒரு மாதமாக அதைக் கடைப்பிடித்திருக்கிறார். நாங்கள் வீட்டில் பலவீனம் என்று சூப்பு வைத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் உட்காரவைத்தார். "ஐயா, லாரி வேற, இது வேற. உங்களால முடிஞ்ச அளவு வேகமா நடங்க."

"டாப் கியர் போடலாங்களா?"

"போடுங்க."

390 மீட்டர். கடிகாரத்தோடு நின்ற நர்ஸம்மா சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார். முடித்துவிட்டு மாமா நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். "மூச்சு மிச்சமிருக்குது மாப்ள," என்றார். கண் கலங்கியிருந்தது. அட்மிஷன் வேண்டாம் என்றார் டாக்டர். ஏட்டில் இரண்டு அளவையும் எழுதிக்கொண்டார்கள். 150-க்குப் பக்கத்தில் காரணம்: மைத்துனர்.

இதுபோலப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய மருத்துவச் சீட்டுகளை ஒரே பையில் வையுங்கள், மாத்திரையை அட்டையோடு எடுத்துப்போங்கள். வால்வு வைத்தபின் எவ்வளவு நடக்கலாம் என்பதை டாக்டரிடமே கேளுங்கள். கூட வருகிறவன் சிரித்துக்கொண்டே சொன்னால் நம்பாதீர்கள்.

புது பஸ் நிலையத்துக்குத் திரும்பியபோது நாமக்கல் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. மாமா விறுவிறுவென்று போய் ஏறிவிட்டார். நான் பின்னால் ஓடிப் படியில் வலது காலை வைத்தேன், முடியாமல் எடுத்துவிட்டேன்.

"மெதுவா வா மாப்ள, நாப்பதுக்கு மேல போகாத!" என்று ஜன்னல் வழியே கத்தினார்.

என் வலது செருப்பு 2.40 பஸ்ஸில் நாமக்கல் போனது. நான் 2.55 பஸ்ஸில் வந்தேன்.