யார் போட்ட மாடு

என் தம்பி ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஜன்னல் இல்லாத குழிக்குள் கிரீஸும் கம்பியுமாக நிற்கிறவன், நாற்பதைத் தாண்டிய பிறகு ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்ளப் போனான். செருப்புக் கடை மாடியில் ஒரு டீச்சர் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தினார். அவன் எடுத்துக்கொண்டது புல்வெளி: தூரத்தில் குன்று, நடுவில் ஓடை, முன்னால் மேய்கிற மாடு.

தூரத்தில் இருப்பதை முதலில் போட்டு, கிட்டத்தில் இருப்பதைக் கடைசியில் போட வேண்டுமாம். வானத்துக்கே ஒரு மாதம் ஆயிற்று. நேற்றுப் பூசியது இன்றைக்கும் விரலில் ஒட்டும். அது காய்ந்தால்தான் அடுத்தது. நான் தையல் வேலை செய்கிறவள், பொறுமை என்றால் என்னவென்று தெரியும். எனக்கே அவனைப் பார்த்து ஆச்சரியம்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, மாட்டைப் பார்த்து அசந்துபோனேன். தலையைத் தாழ்த்தி, கழுத்துச் சதை தொங்க, மூச்சு விடுவதுபோல் நின்றது. சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். சித்தப்பா நேரிலேயே வந்துவிட்டார்.

"அடேய், பாத்திரம் எடுத்துட்டு வராம போயிட்டேனே! கறந்துட்டுப் போயிருப்பேன்!"

எல்லோரும் சிரித்தோம். தம்பி மட்டும் முகம் கழுவ எழுந்து போனான். கூச்சம் என்று நினைத்தேன். நானே ஆஸ்பத்திரி மேலாளரிடம் பேசி, படத்தை லிஃப்ட் வாசலில் மாட்ட ஏற்பாடு செய்தேன். மூலையில் அவன் பெயர் இருக்கட்டும் என்றார் அவர்.

பெயர் எழுதச் சொன்னால் தினம் ஒரு சாக்கு. கடைசியில் பிடித்து உட்காரவைத்தேன்.

"என்னடா, பேரு மறந்துபோச்சா?"

"அந்த மாடு என்னுது இல்லக்கா."

"பின்ன, பக்கத்து வீட்டுதா?"

அவன் சிரிக்கவில்லை. "டீச்சர் போட்டது. எனக்கு மாட்டோட கால் சரியா வரல. இப்படிப் போடுங்கன்னு பிரஷ்ஷ வாங்கி நாலு இழுப்பு இழுத்தாங்க, முழு மாடும் முடிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வாசல்லயே மாட்டப் புகழ ஆரம்பிச்சுட்ட."

"மத்ததெல்லாம் நீ போட்டதுதானே?"

"அதை யாரு பார்த்தா? நீ பார்த்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. வானத்துக்கு அவன் பட்ட பாடு முழுக்கத் தெரிந்தவள், நானும் மாட்டைத்தான் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யாருக்குடா தெரியப்போகுது, பேரைப் போடு" என்றும் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

மறுநாள் சின்னக் கத்தியால் மாட்டைச் சுரண்டினான். உள்ளே இன்னும் காயாத பெயின்ட், தோல் தோலாக உரிந்து வந்தது. பிறகு தானே ஒன்று போட்டான். அழித்து, போட்டு, மறுபடி அழித்து, வாரக்கணக்கில் மல்லுக்கட்டினான்.

"எப்படிக்கா இருக்கு?"

இந்த முறை உள்ளதைச் சொன்னேன். "நல்லா சாப்பிட்ட நாய் மாதிரி இருக்குடா."

விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கும் முன்பே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து மூலையில் தன் பெயரை எழுதினான்.

பழைய மாடு யார் போட்டது என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். சித்தப்பாவிடம் மட்டும் இன்னும் வாய் வரவில்லை.